மூன்றாம் சிலிண்டருக்குக் கீழே

சுடலைமணி கண்ணை நம்ப மாட்டான், கையை நம்ப மாட்டான். அவன் நம்பியது முழங்கையை. வாளியில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து, சட்டையைச் சுருட்டிவிட்டு முழங்கையை முக்குவான். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் சூடு பார்ப்பார்களே, அதே பக்குவம். ஆனால் அவன் குளிப்பாட்டியது குழந்தையை இல்லை. சின்னக்கானல் பக்கம் எங்கள் எஸ்டேட் தேயிலை பேக்டரியின் டீசல் இன்ஜினை.

மலையில் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. போய்விட்டால் வாட்டிப் போட்ட கொழுந்து புளித்து நாறும். அதற்காகத்தான் அந்த இன்ஜின். அதை இருபத்தொன்பது வருஷம் ஓட்டியவன் சுடலைமணி. நான் அதே பேக்டரியில் பிட்டர், பெயர் சோலை. எஸ்டேட் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளை லயம் என்போம். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. அவன் இருமினால் எனக்குத் தூக்கம் கலையும், அவ்வளவு மெல்லிய சுவர்.

தை பிறப்பதற்கு முன்னும் பின்னும் இங்கே புல்லின் மேல் பனி உறைந்து கிடக்கும். இன்ஜினுக்குள் நிற்கும் தண்ணீர் உறைந்தால் விரிந்து இரும்பையே பிளந்துவிடும். உறையாத பச்சைத் திரவம் ஒன்று விற்கிறது, கூலன்ட் என்பார்கள். அது வேண்டும் என்று சுடலைமணி மூன்று முறை எழுதிக் கொடுத்தான். மூன்று முறையும் ஆபீஸிலிருந்து காகிதம் அப்படியே திரும்பி வந்தது. சரி என்று இந்த மலையில் லாரிக்காரரும் ஜீப்காரரும் காலங்காலமாகச் செய்வதையே அவனும் செய்தான். சாயங்காலம் இன்ஜின் ஆறியதும் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். பழைய இன்ஜின் இருபத்தாறு பனிக்காலம் இப்படித்தான் ஓடியது. ஒரு கீறல் விழவில்லை.

பழையது தேய்ந்து போய் 2019இல் புது இன்ஜின் வந்தது. பார்க்க லட்சணமாக இருந்தது. மூன்றாம் பனிக்காலம், 2022 ஜனவரியில் ஒரு காலை, சுடலைமணி என்னைக் கூப்பிட்டான். கத்தவில்லை. சத்தமில்லாமல் கையை மட்டும் ஆட்டினான்.

"மாப்ளே, இதப் பாரு."

எண்ணெய் அளக்கும் குச்சியை நீட்டினான். நுனியில் கறுப்பு எண்ணெய் இல்லை. பால் டீ நிறத்தில் கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்தால்தான் அந்த நிறம் வரும். உள்ளே இரும்புச் சுவர் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

"ஸ்டார்ட் பண்ணுனியா?"

"இல்ல. குச்சியப் பாக்காம நான் என்னைக்குப் பண்ணியிருக்கேன்?"

இங்கேதான் அவன் குணத்தைச் சொல்ல வேண்டும். பேசாமல் குச்சியைத் துடைத்து வைத்திருந்தால், அடுத்த ஷிப்டுக்காரன் ஓட்டியிருப்பான். இன்ஜின் மொத்தமாக இறுகி நின்றிருக்கும். பழி அந்த ஆளுக்குப் போயிருக்கும். சுடலைமணி நேராக ஆபீஸுக்குப் போய்த் தானே சொன்னான். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்று அவனுக்கு நினைப்பு. எனக்கு அவன்மேல் இன்னும் கோபம் இருக்கிறதென்றால் அது இதனால்தான்.

இன்ஜினைப் பிரித்துப் பார்த்தோம். மூன்றாம் சிலிண்டருக்குக் கீழே, தண்ணீர் ஓடும் அறைக்கும் எண்ணெய் ஓடும் வழிக்கும் நடுவில், விரல் நீளத்தில் ஒரு விரிசல். இன்ஜின் செய்த கம்பெனியிலிருந்து ஒரு இளவட்ட இன்ஜினியர் வந்தார், வடக்கத்தி ஆள். நாங்கள் சொன்னது அவருக்குப் புரியவில்லை, அவர் சொன்னது எங்களுக்குப் புரியவில்லை. சுற்றிமுற்றிப் பார்த்தவர் கண்ணில் வாளி பட்டது. இது எதற்கு என்று சைகையில் கேட்டார். சுடலைமணி பெருமையாக முழங்கையை முக்கியே காட்டினான். அவர் கையிலிருந்த டேப்லெட்டில் ஏதோ தட்டிக்கொண்டு அன்று மத்தியானமே மலை இறங்கிவிட்டார். நாலு நாளில் அறிக்கை வந்தது. குளிர்ந்த இரும்பில் சுடுதண்ணீர் ஊற்றியதால் உடைந்தது, ஓட்டியவர் தவறு, வாரன்டி கிடையாது. எஸ்டேட் தன் காசில் அதே மாதிரி இன்னொரு பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பிரும்பு உடல், வாங்கிப் போட்டது. சுடலைமணிக்கு என்கொயரி நோட்டீஸ் வந்தது.

எஸ்டேட்டில் நோட்டீஸ் என்றால் வேலையோடு முடிகிற சமாசாரம் இல்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வீட்டில் ஒருத்தர் பேராவது பதிவேட்டில் இருந்தால்தான் கூரை. அவன் மனைவி கோமதி முப்பது வருஷம் கொழுந்து கிள்ளி, முழங்கால் போய், முந்தைய வருஷம்தான் பேரை எடுத்திருந்தாள். மகள் சிவசங்கரி பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல், கடைசிப் பருவம். ஆகப் பதிவேட்டில் மிச்சமிருந்த ஒரே பேர் சுடலைமணி. அது போனால் வீடு போகும். வீடு நிற்க வேண்டுமென்றால் அந்தப் பெண் படிப்பை விட்டுச் சாக்கைத் தோளில் மாட்ட வேண்டும். எங்கள் லயத்தில் கைக்குழந்தைக்கும் இந்தக் கணக்குத் தெரியும்.

சிவசங்கரி லீவுக்கு வந்தாள். பேக்டரிக்குப் பின்னால் கிடந்த உடைந்த பிளாக்கின் முன்னால் குத்தவைத்து ஒரு மணி நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"மாமா, இத அறுக்கணும். கட்டிங் மெஷின் தருவீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை, பேக்டரியில் ஆளில்லை. நான் அறுத்தேன், அவள் அளந்தாள். அளவுக்கருவி அவளுடையது. முதல் வருஷம் சுடலைமணி மதுரையில் வாங்கிக் கொடுத்த வெர்னியர். சுற்றிலும் சுவர் ஆறு மில்லிமீட்டர். விரிசல் ஓடிய இடத்தில் மூன்றுகூட இல்லை.

"அச்சுக்குள்ள மண்ணு நகந்துருக்குமோ?" என்றேன். அவ்வளவு எனக்கும் தெரியும்.

"நகந்துருந்தா இந்தப் பக்கம் கொறஞ்சது அந்தப் பக்கம் கூடியிருக்கணும்ல. அந்தப் பக்கமும் அறுங்க."

அறுத்தேன். அங்கேயும் அதே மூன்று.

"அப்ப வரைஞ்சதே தப்பு மாமா. இங்க பாருங்க, தடிச்ச மேடு. அத ஒட்டியே மெல்லிசுச் சொவரு. இரும்ப உருக்கி ஊத்துனா மெல்லிசு மொதல்ல இறுகிரும், தடிச்சது மெதுவா ஆறும். ஆறையில இழுக்கும். ரெண்டும் சேருற முக்கு வளைவா இருந்தாத் தாங்கும். இது கத்தி வச்ச மாதிரி இருக்கு. அப்பா சுடுதண்ணி ஊத்துனாலும் ஒடையும், ஊத்தாட்டியும் ஒடையும்."

சுவரில் மண் பூசுகிறவனுக்குத் தெரிந்த விஷயம். ஒரே பூச்சில் தடிப்பும் மெல்லிசும் வைத்தால் காயும்போது நடுவில் வெடிக்கும். எங்கோ குளிர்பதன அறையில் உட்கார்ந்து வரைந்த மகராசனுக்குத் தெரியவில்லை.

என்கொயரி அன்று சிவசங்கரி அறுத்த துண்டைத் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். மானேஜர் கோட்டயத்துக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை யார் அறுத்தது?" என்று கேட்டார்.

நான் துண்டையே பார்த்தேன். பிளாக் எஸ்டேட் சொத்து. அனுமதி இல்லாமல் அறுத்தால் அதுவே தனிக் குற்றம். எனக்கும் லயத்து வீடுதானே.

"நான்தான் சார்," என்றான் சுடலைமணி. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அதோடு அவன்மேல் இரண்டாவது குற்றம் ஏறியது. அறுத்த துண்டைச் சாட்சியமாக எடுக்க முடியாது என்றும் எழுதிவிட்டார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சுடுதண்ணீர் ஊற்றினானா இல்லையா என்று மானேஜர் பாதி மலையாளத்தில் கேட்டார்.

"சோலை, அவன் சூடுவெள்ளம் ஒழிச்சானா இல்லையா? அது மட்டும் பற."

"ஊத்துனான் சார். ஆனா அது..."

"ஊத்தினான். மதி." போதும் என்று கையைக் காட்டினார்.

எழுதி முடித்துக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்கள். 'ஆனா'வுக்கு அதில் இடமில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் என்றைக்காவது மன்னிப்புக் கேட்டுத் தீர்த்திருக்கலாம்.

யூனியன்காரர்கள் பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சுடலைமணி விலகிக்கொள்ள வேண்டும். அவன் இடத்துக்கு ஈடாக வீட்டில் ஒருத்தருக்குக் கொழுந்து வேலை கொடுப்பார்கள், வீடு நிற்கும். பதில் சொல்ல நாலு நாள். மீனாட்சிபுரத்தில் கோமதியின் தம்பி மாட்டுப் பண்ணையில் பால் கறக்கிறான். அங்கே போய்விடலாம், பிள்ளை படிப்பை முடிக்கட்டும் என்றான் சுடலைமணி. தம்பிக்குப் போன் போட்டாள் கோமதி. அவனே ஓர் அறையில் ஐந்து பேரோடு இருக்கிறான். இதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

ஐந்தாம் நாள் காலை சங்கு ஊதியபோது சிவசங்கரி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றாள். கங்காணி பேர் வாசித்தார். இடுப்பில் பிளாஸ்டிக் படுதா, தோளில் சாக்கு, தலையில் அம்மாவின் பழைய துண்டு. "இருக்கேன்" என்றாள். ஓரமாக நின்ற எனக்கு அந்தக் குரல் அடையாளம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் சுடலைமணி வீட்டில் இருந்தான். இருந்தான் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. விறகு பொறுக்குவான், தண்ணீர் பிடிப்பான். மனைவிக்கு முழங்காலில் எண்ணெய் தேய்ப்பான். பேக்டரிப் பாதையில் நடக்க மாட்டான், கோவில் வழியாகச் சுற்றிப் போவான். பிள்ளைகள் 'சுடுதண்ணி' என்று பட்டப்பேர் வைத்துவிட்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். வேறொன்றுதான் அவனைத் தின்றது. விறகு வெட்டும்போதோ டீ குடிக்கும்போதோ திடீரென்று கேட்பான்.

"மாப்ளே, அன்னைக்கு மட்டும் தண்ணி கொஞ்சம் சூடு கூடிப்போச்சோ?"

"இல்லடா. பிள்ளை அளந்து காட்டுச்சுல்ல."

"அது பெத்தவனுக்காகச் சொல்லும். அன்னைக்குச் சளி புடிச்சிருந்துச்சு எனக்கு. முழங்கைக்குச் சரியாத் தெரியாமப் போயிருக்கும்."

இதை நூறு முறை கேட்டிருப்பான். அடுத்தவன் நம்பாதது போய், அவனே அவனை நம்பாமல் போனான். குளிக்க வெந்நீர் வைத்தால் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டான், கோமதிதான் விளாவ வேண்டும். முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தான். எனக்கு அழுகையாக வரும். வந்து என்ன செய்ய? கையெழுத்துப் போட்ட கைதானே கண்ணைத் துடைக்க வேண்டும்.

இன்ஜினுக்குப் பாண்டீஸ்வரன் என்று புது டிரைவர் வந்திருந்தான். ஆபீஸும் திருந்திவிட்டது. இப்போது பீப்பாய் பீப்பாயாகக் கூலன்ட் வாங்கினார்கள். வாளியை வைத்திருந்த இடத்தில் 'தண்ணீர் ஊற்றக் கூடாது' என்று மலையாளத்திலும் தமிழிலும் பலகை மாட்டினார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு காலை பாண்டீஸ்வரன் குச்சியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். நுனியில் பால் டீ.

பிரித்தோம். மூன்றாம் சிலிண்டருக்குக் கீழே, அதே இடத்தில், அதே விரல் நீளம்.

இந்த முறை வந்தவர் வேறு இன்ஜினியர். வாளியைத் தேடவில்லை, யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நேராக அந்த இடத்துக்கே டார்ச் அடித்தார், நாலு படம் எடுத்தார், போய்விட்டார். எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இருபதே நாளில் புது பிளாக் இலவசமாக வந்து இறங்கியது.

பெட்டியை உடைத்ததும் நான் முதலில் மூன்றாம் சிலிண்டருக்குக் கீழேதான் விரலை விட்டேன். கூர் முக்கு இல்லை. வழவழவென்று வளைவு. சுவர் தடித்திருந்தது. வெளியே இரும்பில் பொறித்த எண்ணும் பழைய எண்தான், கடைசியில் மட்டும் ஓர் எழுத்து கூடியிருந்தது. பழையது தப்பு என்று ஒரு வரி கிடையாது. சத்தமில்லாமல் வரைபடத்தைத் திருத்திக்கொண்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் பண்ணினவன் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

மத்தியானம் கொழுந்து நிறுக்க வந்த சிவசங்கரியைக் கூப்பிட்டேன். சாக்கை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். கொழுந்துக் கறை பிடித்துக் கறுத்த விரலை உள்ளே விட்டு ஒருமுறை தடவினாள். திரும்பவும் தடவினாள்.

"ரெண்டு மில்லி கூட்டிருக்காங்க மாமா. மூணாக்கூட இருக்கும்."

"வெர்னியர் கொண்டாந்து பாக்கலாம்ல?"

"வேணாம். விரலுக்கே தெரியுது." போய்ச் சாக்கை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுகொண்டாள்.

சுடலைமணியிடம் நான்தான் சொன்னேன். விறகை அடுக்கிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

"பாண்டீஸ்வரன் சுடுதண்ணி ஊத்துனானா?"

"கூலன்ட்டுடா. ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது."

இன்னும் இரண்டு விறகை அடுக்கிவிட்டு, "அப்ப நான் ஒடைக்கல," என்றான். கேள்வியா பதிலா என்று தெரியவில்லை. பிறகு கேட்டான்: "நீ எழுதிக் குடுப்பியா? ஆனான்னு சொல்ல வந்தேல்ல, அத."

ஒரு பக்கம்தான். அதை எழுத எனக்கு ஒன்பது மாதம் ஆனது. இன்றைக்கு நாளைக்கு என்று ஓட்டினேன். அவன் திரும்பக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சாக்குச் சொல்லியிருப்பேன். மார்கழியில் ஒரு நாள் எழுதினேன். பிளாக்கை அறுத்தது நான் என்பதையும் சேர்த்தே எழுதினேன். இரண்டு பேரும் ஆபீஸுக்குப் போனோம். சுடலைமணி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மூன்று வருஷத்துக்குப் பிறகு பேக்டரிப் பாதையில் நடந்து வந்தான்.

மானேஜர் முழுதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எழுதினது சரிதான் சோலை. புது பிளாக்கை நானும் கண்டேன்." பிறகு சுடலைமணிக்கு நாற்காலியைக் காட்டினார். "இரி சுடலைமணி. பைலைத் திரும்பத் திறக்கலாம். நான் எதிர்க்க மாட்டேன். உன்னைத் திரும்ப எடுக்க வேண்டி வரும். உனக்கு ஓய்வுக்கு இனி எத்தனை மாசம்?"

"எட்டு சார்."

"மகளுக்குக் குடுத்தது உன் இடம். நீ திரும்ப வந்தால் அந்த இடம் நிக்காது. எட்டு மாசம் கழிஞ்சா நீயும் இல்லை, அவளும் இல்லை. பின்னே வீடு?" கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "அவளோட படிப்பைத் திரும்பத் தொடர முடியுமா?" என்று கேட்டார்.

விட்ட பருவத்தை எழுதப் பாலிடெக்னிக்கில் இரண்டு வருஷம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அது புது பிளாக் வந்த ஏழாவது வாரமே முடிந்துவிட்டது. அந்த ஏழு வாரமும் நான் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். மானேஜருக்கு அது தெரியாது. சுடலைமணிக்குத் தெரியும். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அன்றைக்கும்.

"முடியாதுங்க சார்," என்றான். எழுந்து நின்றான். "அந்தக் காயிதத்தக் குடுத்துருங்க."

"யோசிச்சிட்டு நாளைக்கு வந்தாப் போதும்."

"யோசிக்க ஒண்ணுமில்ல சார். நான்தான் ஒடச்சேன். அப்படியே இருக்கட்டும்."

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். திரும்பும்போது கோவில் வழியாகவே நடந்தான். நான் பின்னால் போனேன். வழியில் ஏதாவது திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் சிவசங்கரி நனைந்து வந்தாள். வீட்டுக்குப் பின்னால் வெந்நீர் அடுப்பு எரியாமல் புகைந்துகொண்டிருந்தது. சுடலைமணி பையிலிருந்த காகிதத்தை எடுத்து விறகுக்கு அடியில் சொருகினான். அது பிடித்துக்கொண்டது. தண்ணீர் காய்ந்ததும் இறக்கி, வாளியில் விளாவி, சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையை முக்கினான். மூன்று வருஷத்தில் முதல் தடவை. எங்கள் பின்வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆபீஸ்ல என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டாள் சிவசங்கரி.

"ஒண்ணும் சொல்லல. தண்ணி சரியா இருக்குத்தா. ஆறுறதுக்குள்ள குளி."